டயல் சொல்வதும் கூட்டுக்குள் இருப்பதும்

பழுதான கடிகாரத்தைச் செப்பனிடுவது பழைய வழக்கம். பழுதே இல்லாத கடிகாரத்தைப் பிரித்து, டயலை மாற்றி, முட்களை மாற்றி, கூட்டுக்குக் கறுப்புப் பூச்சுக் கொடுத்து, விளிம்பில் வைரக்கல் பதித்து அணிவது புதிய வழக்கம். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள சுவிஸ் கடிகாரங்களுக்கும் இன்று இந்த அலங்காரம் நடக்கிறது. இதற்கென்றே ஜெனீவாவிலும் லண்டனிலும் பட்டறைகள் இருக்கின்றன. இது தகுமா, தகாதா என்று கடிகாரப் பிரியர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். 'என் பணம், என் கடிகாரம், உனக்கென்ன?' என்பது ஒரு கட்சி. 'வல்லுநர்கள் செய்த பொருளில் கைவைப்பது பாவம்' என்பது மறு கட்சி. இரு கட்சியினருமே கேள்வியைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை ஆராய ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் எச்.எம்.டி. கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம்.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தாரின் தொழில்நுட்ப உதவியுடன் 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்ற பெயர்கள் ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். தேர்வில் தேறிய மகனுக்கும் வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளைக்கும் வாங்கிக் கொடுத்த பொருள் அது. அந்நாளைய நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே ஆடம்பரம். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு 2016 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன்பின் பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடித் தேடி வாங்குவோர் பெருகினர். தேவை பெருகினால் சரக்கும் பெருகும் அல்லவா? நாற்பது ஆண்டு கையில் கிடந்து தேய்ந்திருக்க வேண்டிய பைலட் கடிகாரங்கள், நேற்று அச்சிட்டது போன்ற பளபளப்பான டயலுடன் விற்பனைக்கு வந்தன. தொழிற்சாலை ஒருநாளும் அச்சிடாத நிறங்களில்கூட வந்தன. பழைய சுவிஸ் கடிகாரங்களான ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் போன்றவற்றுக்கும் இதே கதிதான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை மொத்தமாக 'மும்பை வாட்ச்' என்று பெயரிட்டு ஒதுக்குகிறார்கள். மும்பையில் ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கும் சேர்த்துக் கிடைத்த பட்டம் இது.

இந்த இளக்காரம் முழுவதும் நியாயமன்று. டயலை மாற்றி எழுதும் தொழில் ஏமாற்றுவதற்கென்று பிறந்ததில்லை. நம் நாட்டுக் காற்றில் டயல் கெடுகிறது, அதனால் பிறந்தது. எப்படிக் கெடுகிறது என்பதைச் சேர்வராயன் மலைப் பாதையை வைத்தே விளக்கலாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே சேரும்போது, காற்றழுத்தம் சுமார் 980 மில்லிபாரிலிருந்து சுமார் 845 மில்லிபாராகக் குறைந்துவிடுகிறது. நீங்கள் சேலத்தில் அணிந்த கடிகாரம் காற்றுப் புகாதபடி நன்றாக மூடப்பட்டிருந்தால், அதன் உள்ளே இன்னமும் சேலத்துக் காற்று சேலத்து அழுத்தத்தில் இருக்கும். கண்ணாடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்று கொண்டு கணக்கிடுங்கள். உள்ளிருந்து வெளியே கண்ணாடியைத் தள்ளும் நிகர விசை ஒன்பதரை நியூட்டன் வருகிறது. அதாவது, கண்ணாடியின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை வைத்து, திசையை மட்டும் மாற்றியது போல. நல்ல கடிகாரம் இதைத் தாங்கிக்கொள்ளும்.

ரப்பர் வளையம் இறுகிக் காய்ந்துபோன பழைய கடிகாரம் என்ன செய்யும்? மூச்சுவிடும். மலையேறும்போது உள்ளிருக்கும் காற்றில் ஏழில் ஒரு பங்கு கசிந்து வெளியே போகும். இரவுக் குளிரில் உள்காற்று சுருங்க, ஏற்காட்டு மூடுபனியின் ஈரக்காற்று கொஞ்சம் உள்ளே வரும். மலையிறங்கும்போது வெளியழுத்தம் கூடி மறுபடியும் காற்று உள்ளே புகும். ஒரு முறை புகும் நீராவி சில மைக்ரோகிராம்தான். அதைக் கொண்டு பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் கீழே வேலையும் மேலே வீடுமாக வாரந்தோறும் ஏறி இறங்குகிறவர் கையில் இது ஆண்டுக்கணக்காக நடக்கிறது. சாவி கொடுக்கும் திருகின் வழியாக வியர்வையும் உப்பும் வேறு சேர்கின்றன. டயல் என்பது பித்தளைத் தகடு, அதன்மேல் பூச்சு, பூச்சின்மேல் மெல்லிய வார்னிஷ். ஈரம் வார்னிஷைக் கொப்புளிக்கச் செய்யும், விளிம்பில் கறை படரும், எழுத்து உதிரும். சமவெளியிலும் பருவமழையும் கோடையும் மாறிமாறி இதே வேலையை மெதுவாகச் செய்கின்றன.

அப்படிக் கெட்ட டயலுக்கு மாற்று கிடைக்காத காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, சுவிஸ் கடிகாரத்தின் அசல் டயலுக்கு எங்கே போவது? ஆகவே பழைய பூச்சைச் சுரண்டி, தகட்டை மெருகேற்றி, புதுப் பூச்சுத் தெளித்து, செதுக்கிய தகட்டிலிருந்து மென்மையான திண்டில் மையை ஒற்றியெடுத்து எழுத்தைப் பதித்தார்கள். படிக்க முடியாத கடிகாரம் படிக்கத்தக்கதாயிற்று. இதில் குற்றம் காண்பவர் நம் வீடுகளில் பெயர்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலும் குற்றம் காண்பார்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. டயலில் இருப்பது வெறும் அலங்காரம் அன்று. அது பல செய்திகளைச் சொல்கிறது: '17 ஜுவல்' என்கிறது, 'பாரா ஷாக்' என்கிறது, 'நீர் புகாது' என்கிறது, இன்னார் செய்தது என்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. 17 ஜுவல் என்றால் தேய்மானம் மிகுந்த இடங்களில் செயற்கை மாணிக்கக் கற்கள் பதினேழு தாங்கிகளாக உள்ளன என்று பொருள். பாரா ஷாக் என்றால் சமனச் சக்கரத்தின் அச்சு முனையைத் தாங்கும் கல், வில்லின்மேல் அமர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்று பொருள். மறு அச்சுக்காரர் இந்தச் சொற்களைப் பார்த்தபடியே பதிக்கிறார். கீழே எந்த இயந்திரம் வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் அம்மீட்டரின் அளவுத்தகடு பழுதாகிவிட்டது என்று, வேறொரு அம்மீட்டரின் தகட்டைப் படியெடுத்து யாராவது ஒட்டினால் நாம் என்ன சொல்வோம்? தகடு அழகாக இருக்கிறது என்று பாராட்டுவோமா?

டயல் சொல்வதை மாணவர்கள் தாங்களே சோதிக்கலாம். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. 17 ஜுவல் கடிகாரம் மணிக்கு 18,000 தட்டு, அதாவது வினாடிக்கு 5 தட்டுத் தட்டும். கைப்பேசியின் ஒலிவாங்கியருகே கடிகாரத்தை வைத்துப் பத்து வினாடி பதிவு செய்து, ஒலி வரைபடத்தில் முகடுகளை எண்ணிப் பாருங்கள். 50 வர வேண்டும். வினாடி முள் ஒரு வினாடிக்கு ஒரு முறை மட்டும் குதித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மின்கல இயந்திரம். வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அதை ஓட்டுகிறது. குவார்ட்ஸ் நேரத்தை இன்னும் சரியாகவே காட்டும். ஆனால் அதன் மேலிருக்கும் டயல் '17 ஜுவல்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது பொய். பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் டயலின் கால்களையும் பார்க்கலாம். டயலின் அடியில் இரண்டு சிறு கம்பிகள் இருக்கும். இயந்திரத்தின் துளைகளில் அவை பொருந்தும். பொருந்தாத டயலைப் பொருத்த அந்தக் கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டுவது ஒரு குறுக்கு வழி. இப்படிச் செய்த டயலை மீண்டும் அதன் உரிய இயந்திரத்தில் பொருத்துவது கடினம்.

விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரங்களுக்கும் இதே அளவுகோலை நீட்டலாம். விந்தை என்னவென்றால், 2024 சனவரி என்ற ஒரே மாதத்தில் இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் ரோலெக்ஸ் தொடர்பான இரண்டு வழக்குகளில், மேலோட்டமாகப் பார்த்தால் எதிரெதிரான முடிவுகளைச் சொல்லின. சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் தம் சொந்தக் கடிகாரத்தைக் கொடுத்துத் தமக்காக மாற்றித் தரச் சொன்னால், மாற்றித் தரும் ஜெனீவாப் பட்டறை வணிகக் குறி உரிமையை மீறவில்லை என்றது. பட்டறை எப்படி விளம்பரம் செய்கிறது என்ற கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமோ, பழைய ரோலெக்ஸ் கடிகாரங்களுக்கு வேறு டயலும் வேறு விளிம்பும் பொருத்தி 'அசல் ரோலெக்ஸ்' என்று விற்ற டெக்சாஸ் வணிகரின் செயல் உரிமை மீறல் என்றது. உண்மையில் இவற்றுக்குள் முரண்பாடு இல்லை. முதலாவதில் கடிகாரம் கைமாறவில்லை. மாற்றம் செய்யச் சொன்னவருக்கே மாற்றம் தெரியும். இரண்டாவதில் கடிகாரம் கைமாறியது. சொல்லும் பொருளும் பிரிந்துவிட்டன.

இதைவிட எனக்குப் பிடித்த வழக்கு ஹாமில்டன் என்ற பழைய கடிகாரப் பெயரைப் பற்றியது. கொலராடோ மாநிலத்து வார்ட்டிக் நிறுவனத்தார், உலோகத்துக்காகக் கூடு உருக்கப்பட்டு அநாதையாகிவிட்ட பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகார இயந்திரங்களை எடுத்துச் செப்பனிட்டு, புதுக் கூட்டில் வைத்துக் கைக்கடிகாரமாக விற்கிறார்கள். பழைய டயலில் ஹாமில்டன் பெயர் அப்படியே இருக்கும். இன்று அந்தப் பெயருக்கு உரிமை உள்ளவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2020இல் தீர்ப்பு வார்ட்டிக்குச் சாதகமாக வந்தது. 2021இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. எது பழையது, எது புதியது, புதியதைச் செய்தவர் யார் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். இதற்கெல்லாம் முன்னோடி 1947இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஸ்பார்க் பிளக் வழக்கு. பழைய சாம்பியன் பிளக்குகளைச் செப்பனிட்டு அதே பெயரில் விற்கலாம், ஆனால் செப்பனிட்டது அல்லது பயன்படுத்தியது என்று அதன்மேல் பொறித்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒருமுறை முறையாக விற்ற பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்கிறது. ஆனால் விற்ற பின் பொருளின் நிலை மாற்றப்பட்டோ கெட்டோ இருந்தால், குறிக்கு உரியவர் அந்த மறுவிற்பனையை எதிர்க்க இடமுண்டு என்றும் சொல்கிறது. 2024 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் செப்பனிடப்பட்ட கணிப்பொறி வன்தட்டுகள் பற்றிய வழக்கில், அவற்றை விற்கலாம், ஆனால் செப்பனிடப்பட்டவை என்பதையும் மூல நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லை என்பதையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பழைய கடிகார விற்பனைக்கும் இந்த நிபந்தனையை அப்படியே எடுத்து வைக்கலாம்.

ஒரு குறை உண்டு. இந்தச் சட்டங்கள் குறிக்கு உரியவரையும் இன்றைய வாங்குபவரையும் பார்க்கின்றன. சாவி கொடுக்கும் நல்ல கடிகாரம் மூன்று தலைமுறைக்கு ஓடும். ஜெனீவாவில் தமக்காக மாற்றிக்கொண்டவரின் பேரன் நாளை அதை விற்பான். பாட்டனார் என்ன மாற்றினார் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. டயலில் கிரீடச் சின்னம் மட்டும் இருக்கும். சுவிஸ் தீர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆயினும் இந்தப் பேரனுக்கு அதில் பதில் இல்லை.

'கைவைப்பதே பாவம்' என்ற கட்சியினருக்கும் ஒரு வார்த்தை. கடிகார நிறுவனங்களே தம் பொருளை மாற்றியிருக்கின்றன. செப்பனிட வந்த பழைய கடிகாரத்தின் டயலைக் கழற்றிப் பிற்காலத்து டயலைப் பொருத்தித் திருப்பித் தருவது தொழிற்சாலைகளின் நெடுநாள் பழக்கம். 2017இல் ஜெனித், டாக் ஹோயர் போன்ற நிறுவனங்கள், அதுவரை வெளியாளாக இருந்த லண்டன் பட்டறையொன்றையே தம் அதிகாரபூர்வ மாற்றுநராக ஏற்றுக்கொண்டன. நிறுவனம் கையெழுத்திட்டால் பாவம் புண்ணியமாகிவிடுமா? இன்னொரு புறம், பல சுவிஸ் நிறுவனங்கள் உதிரி பாகங்களைத் தம் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்கு மட்டுமே தருகின்றன; வெளிப் பாகம் கலந்த கடிகாரத்தைச் செப்பனிட மறுப்பதும் உண்டு. அசல் பாகத்தையும் தரமாட்டேன், வேறு பாகத்தையும் போடக்கூடாது என்றால் சாதாரணக் கடிகாரக்காரர் என்ன செய்வார்? அந்த நிறுவனங்களின் மனக்குறையில் பாதியை அவர்களே உண்டாக்கியிருக்கிறார்கள் என்பேன்.

இனி, மாற்றத்தால் கடிகாரத்துக்கு வரும் கேடுகள். முறுக்கிய சுருள்வில்லில் உள்ள ஆற்றல் ஒரு ஜூல் அளவை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கும் வேலை அவ்வளவே. அதைக் கொண்டு ஒன்றரை நாள் ஓட வேண்டும். திறன் சில மைக்ரோவாட். இவ்வளவு சிக்கனமான இயந்திரத்தில் அழகுக்காகக் கனமான வினாடி முள்ளைப் பொருத்தினால் அந்தச் சுமை தெரியும். முள் சமநிலையில் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி வைத்தால் ஒரு மாதிரியும் கிடத்தி வைத்தால் ஒரு மாதிரியும் ஓடும். வைரம் பதிக்க விளிம்பில் துளையிடுவதும், கூட்டை மீண்டும் மீண்டும் மெருகேற்றுவதும் உலோகத்தைத் தின்னும் வேலைகள். துளைத்ததை நிரப்ப முடியாது. ரப்பர் வளையம் அமரும் பரப்பு தேய்ந்துபோனால், 30 மீட்டர் ஆழத்து அழுத்தம் தாங்கும் என்று பின்மூடியில் உள்ள எழுத்து அன்றோடு செல்லாது. (இந்த 30 மீட்டர் ஆய்வுக்கூடத்து அசையா நீரின் அழுத்தத்தைக் குறிப்பது, ஏற்காட்டு ஏரியில் குதிப்பதற்கு அனுமதிச் சீட்டு அன்று.) திறந்து மூடிய கடிகாரத்தைக் காற்றழுத்தச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்காமல் யாரும் அந்த உறுதியைத் தரக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நம்மூரில் இரவில் ஒளிரும் எதற்கும், ஏன், விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் வண்டி ஸ்டிக்கருக்கும்கூட 'ரேடியம்' என்றே பெயர். இந்தப் பெயரால் உண்மையான ரேடியம் பற்றிய அச்சமே போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த சுவிஸ் கடிகாரங்களின் எண்களிலும் முட்களிலும் மெய்யான ரேடியம் உண்டு. துத்தநாக சல்பைடுடன் ரேடியம் உப்பைக் கலந்து பூசினார்கள். ஆல்ஃபாத் துகள்களின் தாக்குதலில் சல்பைடு சில ஆண்டுகளிலேயே நைந்து ஒளி இழந்துவிடும். ரேடியம்-226 அப்படியன்று, அதன் அரைவாழ்வு 1600 ஆண்டுகள். 1950களில் பூசியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு இன்றும் அங்கேயே இருக்கிறது. ஒளிராத டயல் ஓய்ந்த டயல் என்று எண்ணி, புதுப் பூச்சுக்காக அதைச் சுரண்டுபவர் தூளை மூச்சில் இழுக்கிறார். ஆல்ஃபாத் துகளை வெளியில் ஒரு தாள் தடுத்துவிடும். உடலுக்குள் போனால் தடுக்க ஒன்றுமில்லை. வேதிக்குணத்தில் ரேடியம் கால்சியத்தின் உறவு. எலும்பில் போய்த் தங்கும். நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரத் தொழிற்சாலையில் 1917 முதல் டயல் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து, தாடை எலும்பு அரித்து மாண்ட வரலாறு உலகறிந்தது. பிற்காலத்தில் ரேடியத்துக்குப் பதிலாக வந்த டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 ஆண்டுதான். இன்றைய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சில் கதிரியக்கமே இல்லை. ஆனால் தாத்தாவின் கடிகாரம் எந்தக் காலத்தது என்று தெரியாமல் டயலைச் சுரண்டக் கொடுக்காதீர்கள். கைகர் எண்ணி உள்ள கல்லூரி அருகில் இருந்தால் கண்ணாடியைத் திறக்காமலே ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட டயலைத் தொடாமல் விடுவதே சரி. கறை இருந்தால் இருக்கட்டும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வார், கண்ணாடி, முள் போன்ற திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம். கழற்றிய பாகங்களை ஒரு சிறு பெட்டியில் போட்டுக் கடிகாரத்துடனேயே வைத்திருந்தால் போதும். டயலை மாற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குப் பொருந்தாத சொல் எதையும் அதில் எழுதாதிருக்கச் சொல்லலாம். மாற்றி எழுதிய ஆண்டைத் தகட்டின் பின்புறம் பொறிக்கச் சொல்லலாம்.

இதற்கு முன்மாதிரி நம் கடிகாரக்காரர்களிடமே இருக்கிறது. பழைய கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்து, மூடியின் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனையால் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் தெரியும். செப்பனிட்டவர் தமக்கும், அடுத்துத் திறக்கப்போகும் முகம் தெரியாத இன்னொரு தொழிலாளிக்கும் விட்டுச்சென்ற குறிப்பு அது: எந்த நாள், யார் கை. சில கடிகாரங்களில் ஐந்தாறு கைகளின் கீறல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அதே ஊசியால் 'டயல் புதிது' என்ற இரண்டு சொற்களையும் ஓர் ஆண்டையும் கீற அரை நிமிடம்கூட ஆகாது.